தயிரா, ப்ரோபயாட்டிக் பாக்கெட்டா?

குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுனா கூடவே ஒரு ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யிற உயிருள்ள கிருமிங்க) பொடியும் சீட்டுல வந்துடுது, வீட்ல பாட்டி "ரெண்டு வாய் தயிர் சோறு ஊட்டுனா போதாதா"ன்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

தயிர்லயும் லாக்டோபேசில்லஸ் மாதிரி நல்ல பாக்டீரியா இருக்கு, ஆனா எந்த ரகம், எவ்ளோன்னு சொல்ல முடியாது, எல்லாம் உங்க வீட்டு உறைமோரை பொறுத்தது. பாக்கெட்ல ரகமும் எண்ணிக்கையும் அச்சடிச்சிருக்கும். அடிக்கடி எழுதுற சாக்கரோமைசஸ் பவுலார்டி பாக்டீரியாவே கிடையாது, ஒரு வகை ஈஸ்ட், அதனால ஆன்டிபயாட்டிக் அதை கொல்லாது, மருந்தால வர்ற பேதியை குறைக்க அதுக்கு ஓரளவு நல்ல ஆதாரமும் இருக்கு, அங்க என் ஓட்டு பாக்கெட்டுக்குத்தான். கொதிக்கிற பால்ல மட்டும் கலக்காதீங்க, சூட்டுல அது செத்துடும், காசு வேஸ்ட்.

சாதாரண வயித்துப்போக்குன்னா கதை வேற. 2018ல அமெரிக்காலயும் கனடாலயும் வந்த ரெண்டு பெரிய ஆய்வுல ப்ரோபயாட்டிக் குடுத்த பிள்ளைங்களுக்கும் டம்மி பொடி குடுத்த பிள்ளைங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. அதுக்கு ஓஆர்எஸ்ஸும் (உப்பு-சர்க்கரை கரைசல்) ஜிங்க்கும்தான் முக்கியம்.

தினசரிக்கு தயிர்தான் பெஸ்ட், ஆறு மாசம் தாண்டுன பிள்ளைக்கு புளிக்காத தயிர், வாழைப்பழம், பருப்பு, கீரைன்னு போனா அந்த நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்கு சாப்பாடு, மாசாமாசம் பாக்கெட் வாங்கணும்னு இல்ல.

குறைமாச குழந்தைன்னா டாக்டரை கேக்காம பாக்கெட் பக்கமே போகாதீங்க, ரத்தத்துல தொற்று ஆகலாம்னு 2023ல அமெரிக்க அரசோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிச்சிருக்கு.