குப்பை சேகரிப்பால் விழும் உரைத்திருத்தி: எந்தக் கருவி எதுவரை உதவும்?

உரைத்திருத்தி திடீரென்று செயலிழந்து விழுகிறது. அழைப்புத் தடத்தை (எந்தச் செயல்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியலை) எடுத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் அது திரையில் ஒரு வரியை வரைந்துகொண்டிருந்திருக்கிறது. வரையும் நிரலில் தவறே இல்லை. அது தொட்ட பொருள்தான் முன்பே விடுவிக்கப்பட்டுவிட்டது. பிழை நேர்ந்த இடம் ஒன்று, விழுந்த இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை விசைத்தட்டல்கள் கடந்திருக்கும் என்று சொல்லவே முடியாது.

மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சி மொழியில் எழுதிய ஒரு பகுதி ஏதோ ஒரு பொருளின் சுட்டியை, அதாவது நினைவக முகவரியை, வைத்திருக்கிறது. இனி யாருக்கும் வேண்டாத பொருள்களைத் தேடி நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பிக்கு அது தெரியாது. பயனில் உள்ளவற்றைக் குறியிடும் கட்டத்தில் அந்தப் பொருள் விடுபடுகிறது, குறி இல்லாதவற்றைத் துடைக்கும் கட்டத்தில் போய்விடுகிறது. ஆக, நடந்திருக்க வேண்டிய ஒரு குறியிடல் நடக்கவில்லை. நம்மிடம் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை நடந்ததைப் பிடிப்பவை. நடக்காததை நோக்கி நம்மை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கின்றன என்பதை வைத்துத்தான் இங்கே அவற்றை எடை போடுகிறேன்.

முதலில் சேகரிப்பு எப்போது ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈமாக்ஸ், விம் என்ற இரண்டு உரைத்திருத்திகளை எடுத்துக்கொள்வோம். 64 பிட் ஈமாக்ஸில் ஏறத்தாழ 8,00,000 பைட் அளவுக்குப் புதிய பொருள்கள் உருவானதும் சேகரிப்புக்கு நேரம் வருகிறது. இது இயல்பு அமைப்பு. விம் வேறு வகை. ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற மேற்கோள் எண்ணிக்கையை நம்பி அது இயங்குகிறது. ஒன்றையொன்று சுட்டும் சுழற்சிகளுக்காக மட்டும் தனிச் சேகரிப்பி வைத்திருக்கிறது. பயனர் தட்டச்சை நிறுத்தி, இயல்பாக 4,000 மில்லிவினாடி கடந்த பிறகு அது ஓடும். 'சும்மா இருந்தபோது விழுந்துவிட்டது' என்று ஒருவர் புகார் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அது நல்ல தடயம்.

சேகரிப்பை அடிக்கடி ஓடவைப்பதே மலிவான முதல் வழி. விம்மின் சோதனைச் செயல்கூறுகளில் சேகரிப்பை உடனே ஓட்டுவதற்கென்றே ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய செயலை அடுத்து அதை அழைத்தால், எப்போதாவது வரும் பிழை ஒவ்வொரு முறையும் வரத் தொடங்கும். ஈமாக்ஸில் அந்த 8,00,000 பைட் வரம்பை ஒன்று என்று குறைத்துவிட்டு, இனி ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் சேகரிப்பு ஓடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். இயல்பு மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே அந்த வரம்பு இறங்காது. அங்கே சந்தேகப்படும் இடத்தில் சேகரிப்பை நேரடியாக அழைப்பதே பலன் தரும். இந்த வழி குற்றவாளியைக் காட்டாது. தேட வேண்டிய பரப்பைச் சுருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த கருவிக்குப் போவது நேர விரயம்.

அடுத்து அட்ரஸ் சானிடைசர். தவறான நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் சோதனைகளைத் தொகுக்கும்போதே நிரலில் சேர்க்கும் கருவி இது. நிரலை மறுபடி தொகுக்க வேண்டும், வேகம் ஏறத்தாழ பாதியாகும். விம்முக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. அங்கே ஒவ்வொரு பட்டியலும் அகராதியும் தனித்தனியாக ஒதுக்கப்படுவதால், விடுவித்த பொருளைத் தொட்ட கணத்திலேயே அறிக்கை வந்துவிடும். ஈமாக்ஸில் நிலைமை வேறு. பட்டியல்களைக் கட்டப் பயன்படும் சிறு பொருள்களான கான்ஸ் அணுக்கள் பெரிய தொகுதிகளாக ஒதுக்கப்படுகின்றன. துடைக்கப்பட்ட அணு தொகுதிக்குள்ளேயே காலிப் பட்டியலில் சேர்கிறது, கணினியிடம் திரும்புவதில்லை. சானிடைசரின் கண்ணுக்கு அந்த நினைவகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காலி அணுக்களை 'நஞ்சூட்டி' (தொடக்கூடாதவை என்று குறித்து) வைக்கும்படி ஒதுக்கீட்டு நிரலே சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

அறிக்கை வந்த பின்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொட்ட இடம், ஒதுக்கிய இடம், விடுவித்த இடம் என்று மூன்று தடங்களை அது தரும். சாதாரணப் பிழைகளில் மூன்றாவதே பொன். குப்பை சேகரிப்புப் பிழையிலோ அது எப்போதும் துடைக்கும் செயல்கூறையே காட்டும். அதனால் எதுவும் தெரியவராது. ஒதுக்கிய தடத்தைப் படியுங்கள். எந்த வகைப் பொருள், யாருக்காக உருவானது என்பது அங்கேதான் இருக்கிறது.

மாட்டிக்கொள்ள இன்னொரு கண்ணியும் உண்டு. ஈமாக்ஸின் சேகரிப்பி, செயல்கூறுகளின் உள்ளிட மாறிகள் இருக்கும் அடுக்கு நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் (சுட்டி அளவுள்ள நினைவகத் துண்டையும்) 'இது சுட்டியாக இருக்கலாம்' என்று கருதி வருடுகிறது. அந்த ஏற்பாட்டை நம்பித்தான், உள்ளிட மாறிகளைக் கையால் பதிவு செய்யும் பழைய மேக்ரோக்கள் ஈமாக்ஸ் 25-இல் அகற்றப்பட்டன. ஆனால் செயல்கூறிலிருந்து திரும்பிய பிறகு அடுக்கைத் தொடும் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சானிடைசரில் இயக்கினால், மாறிகள் உண்மையான அடுக்கைவிட்டு ஒரு போலி அடுக்குக்குப் போய்விடலாம். சேகரிப்பி அவற்றைப் பார்க்காது. இல்லாத பிழை பிறக்கும். க்ளாங் தொகுப்பியின் 15-ஆம் பதிப்பு முதல் லினக்ஸில் இந்த வசதி இயல்பாகவே இயங்குகிறது. தேடலைத் தொடங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

நிரலை ஓட்டும்போதே நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி தொகுக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. தொடக்க மதிப்பு இல்லாத நினைவகத்தைப் பிடிப்பதிலும் அது வலுவானது. ஆனால் நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும், தொகுதிக்குள் நடப்பது இதற்கும் தெரியாது. அடுக்கை வருடும் சேகரிப்பி தொடக்க மதிப்பில்லாத சொற்களையும் படிப்பதால் பொய் எச்சரிக்கைகள் குவிகின்றன. ஈமாக்ஸுக்கு இதை நான் கடைசியில்தான் எடுப்பேன்.

மீதமிருப்பது ஆர்ஆர். என் மனம் சாய்வது இதன் பக்கம். மோசில்லாவில் பிறந்த இந்தக் கருவி நிரலின் ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துகொள்கிறது. பிறகு அதை எத்தனை முறை வேண்டுமானாலும் அப்படியே மறுபடி ஓட்டலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். ஒவ்வொரு மறுஓட்டத்திலும் முகவரிகள் மாறுவதில்லை. விழுந்த இடத்தில் செத்த பொருளின் முகவரியைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் கண்காணிப்புப் புள்ளி (அந்த நினைவகம் மாறும் இடத்தில் ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்துப் பின்னோக்கிப் போனால், அதைத் துடைத்த சேகரிப்புச் சுற்றில் போய் நிற்போம். இது பாதி வேலைதான். மறுபடி விழுந்த இடத்துக்கு வந்து, அந்தச் சுட்டி எந்த நினைவக இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து, அந்த இடத்தின்மேல் இரண்டாவது கண்காணிப்புப் புள்ளி வைக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டினால், சேகரிப்பிக்குச் சொல்லாமல் சுட்டியைச் சேமித்த அந்த வரி கண்முன் வரும். நடக்காத குறியிடலுக்கு இவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. லினக்ஸ் வேண்டும்; செயலி தான் செய்தவற்றை எண்ணிவைக்கும் செயல்திறன் எண்ணிகள் கிடைக்க வேண்டும், சில மெய்நிகர் கணினிகளில் அவை கிடைப்பதில்லை. ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓட்டுவதால் இழைகளுக்கிடையிலான சில போட்டிகள் தோன்றாமலே போகலாம்.

ஆகவே விம்மில் வேலை செய்பவர் உடனடிச் சேகரிப்பையும் சானிடைசரையும் சேர்த்துப் பிடித்தாலே பெரும்பாலும் போதும். ஈமாக்ஸின் சி பகுதியில் இருப்பவர் நேராக ஆர்ஆருக்குப் போகலாம். பிழைத்திருத்தத் தொகுப்பில் மாறிகள் அடுக்கில் நீண்ட நேரம் தங்கிப் பொருளைத் தற்செயலாகக் காப்பாற்றிவிடும். எனவே பதிவு செய்யும்போது பயனரிடம் விழுந்த அதே உகப்பாக்க நிலையில் (வேகத்துக்காகத் தொகுப்பி நிரலை மாற்றும் அளவில்) தொகுத்துக்கொள்ளுங்கள். அந்த வரி கிடைத்ததும், ஈமாக்ஸ் என்றால் அது பொது மாறியா, தனியே ஒதுக்கிய நினைவகத்தில் உள்ளதா என்று பார்த்து அதற்கேற்பச் சேகரிப்பிக்குத் தெரியும்படி பதிவு செய்ய வேண்டும்; விம் என்றால் குறியிடும் செயல்கூறில் அந்தப் புலத்தைச் சேர்த்து, உடனடிச் சேகரிப்பை அழைக்கும் ஒரு சோதனையையும் அதே திருத்தத்தோடு அனுப்ப வேண்டும்.