லக்ஸம்பர்க் ஓசி டிராம், பஸ், ரயில்: இங்கயே குடியிருக்கறவங்க பக்கத்துலேர்ந்து ஒரு ரிவ்யூ

தானமா குடுத்த மாட்டை பல்லைப் புடிச்சு பாக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, ஆனா நான் பாக்கத்தான் போறேன், ஏன்னா இது ஒண்ணும் தானம் இல்ல, மாசாமாசம் நம்ம சம்பளத்துல புடிக்கற வரியில ஓடற வண்டி. லக்ஸம்பர்க்ல வேலை கிடைச்சிருக்குன்னு சொல்றவங்க எல்லாரும் முதல்ல வாடகை எவ்ளோன்னு கேப்பாங்க, அடுத்த கேள்வி இதுதான், "அங்க பஸ், ரயில் எல்லாம் ஃப்ரீயாமே, நிஜமாவா?"

நிஜம்தான். 2020 மார்ச் 1லேர்ந்து நாடு முழுக்க பஸ், டிராம், ரெண்டாம் வகுப்பு ரயில் எதுக்கும் டிக்கெட் கிடையாது. ரெசிடென்ஸ் பெர்மிட் காட்டு, பேர் பதிஞ்சுக்கோன்னு எவரும் கேக்க மாட்டாங்க, ரெண்டு நாள் ஊர் சுத்த வந்த டூரிஸ்டும் ஏறலாம், இருபது வருஷமா வரி கட்டிட்டு இருக்கறவரும் ஏறலாம். எஸ்டோனியா தலைநகர் தாலின்ல இதை 2013லேயே ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த ஊர்ல பேர் பதிஞ்சவங்களுக்கு மட்டும்தான். மால்டாவுல 2022லேர்ந்து ஃப்ரீ, ஆனா அதுக்குன்னு ஒரு கார்டு வாங்கி வச்சுக்கணும். இங்க கார்டும் இல்ல, தட்டற மெஷினும் இல்ல, கதவு திறந்தா ஏறிக்க வேண்டியதுதான்.

காசு மிச்சம்ங்கற கணக்கை முதல்லயே முடிச்சுடறேன், ஏன்னா வெளிய இருந்து பாக்கறவங்க நினைக்கற அளவுக்கு அது பெருசில்ல. ஃப்ரீ ஆகறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேர டிக்கெட் 2 யூரோ, நாள் முழுக்க 4 யூரோ, வருஷ பாஸ் 440 யூரோ, அதுவும் அந்த ஒரே பாஸ்ல நாட்டோட எந்த மூலைக்கும் போகலாம். இங்க ஒரு பெட்ரூம் வீட்டுக்கு குடுக்கற வாடகையப் பாத்தவங்களுக்கு தெரியும், அந்த 440 ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரருக்கு போற காசு மாதிரி. அரசாங்கத்துக்கும் அதே கதைதான், டிக்கெட்ல வருஷத்துக்கு வந்தது சுமார் 4 கோடி யூரோ, மொத்த செலவு சுமார் 50 கோடி யூரோ, அதனால ஏற்கனவே பத்துல ஒன்பது பங்கு வரிப்பணத்துலதான் ஓடிட்டு இருந்துச்சு, மிச்சம் இருந்த ஒரு பங்கையும் எடுத்துட்டாங்க, அவ்ளோதான்.

எனக்கு இதுல நிஜமாவே பிடிச்ச விஷயம் என்னன்னா, யோசிக்க வேண்டியதே இல்ல. ஒரே ஒரு ஸ்டாப்புக்கு ஏறலாம், மழை வந்தா ஏறலாம், தப்பான பஸ்ல ஏறினா அடுத்த ஸ்டாப்ல இறங்கி வேற ஏறலாம், இதுக்கு ரெண்டு யூரோ வேஸ்ட்டுன்னு மனசு உறுத்தாது. வேலைக்கு போறவங்களுக்கு இது சின்ன சௌகரியம்தான், ஃப்ரீ ஆகலைன்னாலும் அவங்கள்ல பல பேருக்கு கம்பெனியே பாஸ் குடுத்திருக்கும். ஆனா வேலைக்கு வந்தவங்களோட டிபென்டென்ட் விசால கூட வந்தவங்க இருக்காங்க பாருங்க, சொந்த சம்பளம் இல்ல, ஊர்ல யாரையும் தெரியாது, வெளிய போற ஒவ்வொரு தடவையும் செலவுன்னா வீட்டுலயே உக்காந்துடுவாங்க, அவங்களுக்குத்தான் இதோட முழு அருமை தெரியும். எனக்கு தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி புதுசா வந்தப்ப சும்மா டிராம்ல இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போயிட்டு வருவா, அப்படியே கிர்ஷ்பெர்க் ஏரியால இருக்கற நேஷனல் லைப்ரரி ஸ்டாப்ல ஒரு நாள் இறங்கி உள்ள போய் பாத்திருக்கா, அங்க மெம்பர்ஷிப்புக்கும் காசு கிடையாது, இப்ப அவ ஃப்ரெஞ்ச் படிக்கறதே அங்க உக்காந்துதான்.

அப்பறம் ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மா. எங்கம்மா வந்தப்ப கையில சில்லறைய இறுக்கி புடிச்சுக்கிட்டு டிராம்ல நடுவுல நின்னுட்டு கண்டக்டர் எந்தப் பக்கத்துலேர்ந்து வருவாருன்னு மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தாங்க, உக்காருங்கம்மா டிக்கெட் கிடையாதுன்னு சொன்னா, "மெதுவா பேசுடி, யார் காதுலயாவது விழப்போகுது"ன்னு என்னை அதட்டினாங்க. மூணாவது நாள்லேர்ந்து அவங்களே தனியா கிளம்பி மார்க்கெட் போயிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலீஷோ ஃப்ரெஞ்சோ ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாத சர்வீஸ் இந்த ஊர்ல வேற எதுவும் இல்ல.

இப்ப வண்டிகளுக்கு வரேன். டிராமுக்கு கண்ண மூடிக்கிட்டு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். 2017 டிசம்பர்ல கிர்ஷ்பெர்க் பக்கம் மட்டும் ஒரு துண்டா ஆரம்பிச்சது, 2020 டிசம்பர்ல சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் வந்துச்சு, அப்பறம் தெக்கால ஸ்டேடியம் வரைக்கும் நீட்டினாங்க, 2025 மார்ச்ல ஃபிண்டல் ஏர்போர்ட்டையும் தொட்டாச்சு. மொத்தம் ஒரே லைன்தான், ஆனா ஐரோப்பிய பார்லிமென்ட் ஆபீஸ், ஃபில்ஹார்மோனி கச்சேரி ஹால், ஹாமிலியஸ் கடைத்தெரு, ரயில்வே ஸ்டேஷன்னு நமக்கு வேணும்ங்கற எல்லாமே அந்த ஒரே கோட்டுல வந்துடுது. பீக் அவர்ல நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துட்டே இருக்கும், டைம் டேபிள் பாக்கற பழக்கமே போயிடும். குழந்தை தள்ளுவண்டி, வீல் சேர், ஏர்போர்ட் சூட்கேஸ் எல்லாம் படி ஏத்தாம அப்படியே உருட்டிக்கிட்டு உள்ள போகலாம். இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்கறதில்ல, சிவப்புப் பாலத்துலேர்ந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் டிராமுக்கு மேல கரண்ட் கம்பியே இருக்காது, ஸ்டாப்ல நிக்கற நேரத்துல தரையிலேர்ந்து சார்ஜ் ஏத்திக்கிட்டு பேட்டரில ஓடும், பழைய ஊரோட அழகு கெட்டுடக்கூடாதுன்னு அப்படி பண்ணியிருக்காங்க. குறை சொல்லணும்னா காலைல எட்டே கால் மணிக்கு கூட்டம், ஆனா நம்ம ஊர் கூட்டத்தைப் பாத்தவங்களுக்கு இதுக்குப் பேரு கூட்டமே இல்ல.

தலைநகரான லக்ஸம்பர்க் சிட்டி மேடும் பள்ளமும்தான், பாதி ஊர் மேல, பாதி ஊர் பள்ளத்தாக்குல, மேப்ல பக்கத்துல தெரியற இடத்துக்கு நேர்ல போனா மூச்சு வாங்கும். அதுக்கு ரெண்டு வழி வச்சிருக்காங்க, ரெண்டும் ஃப்ரீ. ஒண்ணு ஃபாஃபென்தால்ங்கற பள்ளத்தாக்கு ஏரியால இருக்கற ஃபனிகுலர், அதாவது சரிவுல கேபிள் இழுத்து ஏத்தற வண்டி, கீழ ரயில்ல வந்து இறங்கினா மேல சிவப்புப் பாலத்து டிராம் ஸ்டாப்புக்கு ஒரு நிமிஷம் போல ஆகும், ரயிலையும் டிராமையும் இப்படி கோத்து விட்டது யாரோட ஐடியாவோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு. இன்னொண்ணு அதே ஃபாஃபென்தால்லேர்ந்து பழைய ஊருக்கு ஏத்தி விடற கண்ணாடி லிஃப்ட், 71 மீட்டர் உசரம், சைக்கிளோட உள்ள போகலாம். தலை சுத்தறவங்க கதவு பக்கமா திரும்பி நின்னுக்கங்க. டூரிஸ்டுங்க போட்டோ எடுக்க ஏறுவாங்க, கீழ குடியிருக்கறவங்க பால் பாக்கெட்டோட ஏறுவாங்க.

ரயிலுக்கு மூணுக்கு மேல குடுக்க மனசு வரல. வண்டி சுத்தமா இருக்கும், சீட் நல்லா இருக்கும், அதெல்லாம் சரி. ஆனா பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனிலேர்ந்து தினமும் 2 லட்சம் பேருக்கு மேல இந்த நாட்டுக்குள்ள வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் திரும்பிப் போறாங்க, நாட்டோட ஜனத்தொகையே ஏழு லட்சத்தைத் தொடல, அப்ப யோசிச்சுக்கங்க. தெக்க பெட்டம்பர்க் பக்கம் போற வண்டில அஞ்சரை மணிக்கு உக்கார இடம் கிடைக்கறது அதிர்ஷ்டம். அதோட கோடை லீவு வந்தா லைன் வேலைன்னு ஏதாவது ஒரு பக்கத்தை மூடிடுவாங்க, பதிலுக்கு பஸ் விடுவாங்க, இருபது நிமிஷ தூரம் முக்கால் மணி நேரம் ஆயிடும். வேலை நடக்கட்டும், லைன் அதிகமாக்கினாத்தான் நாளைக்கு கூட்டம் குறையும், ஆனா எஷ்லயோ எட்டல்ப்ருக்லயோ வாடகை கம்மின்னு போனவங்களுக்கு அந்த மாசம் நரகம்.

காசு விஷயத்துல ரெண்டு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. ரயில்ல முதல் வகுப்புக்கு இன்னமும் டிக்கெட் உண்டு, கதவுகிட்ட 1ன்னு போட்டிருக்கும், காலியா இருக்கேன்னு போய் உக்காந்தா செக்கிங் வந்து ஃபைன் போடுவாங்க. ரெண்டாவது எல்லை. ட்ரியர் போகணும்னா எல்லை ஸ்டேஷனான வாஸர்பிலிக் வரைக்கும்தான் ஓசி, அதுக்கப்பறம் ஜெர்மனி, அந்தத் துண்டுக்கு டிக்கெட் எடுத்தாகணும். லக்ஸம்பர்க்ல ஏறும்போதே எடுத்து வச்சுக்கறது நிம்மதி. பிரான்ஸ்ல மெட்ஸ், தியோன்வில் பக்கம் போனாலும் இதே கதைதான்.

பஸ்ஸு ஊருக்குள்ள அருமை, கிராமத்துப் பக்கம் அந்தந்த லைனோட தலையெழுத்து. வார நாள்ல நல்லாத்தான் ஓடும், ஞாயித்துக்கிழமை சில ஊருக்கு மணிக்கு ஒண்ணு, சில ஊருக்கு அதுவும் இல்ல. அதான் வண்டிய ஓசில விட்டும் இங்க கார் குறையவே இல்ல, ஐரோப்பாவுலயே ஆளுக்கு இவ்ளோ கார் வச்சிருக்கற நாடு ரொம்ப கம்மி. டிக்கெட் வெலைக்காக யாரும் கார் வாங்கல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டாப்ல நாப்பத்தஞ்சு நிமிஷம் குளிர்ல நின்னதுக்காக வாங்கினாங்க. ஃப்ரீ ஆக்கின காசை இன்னும் ரெண்டு டிரிப் அதிகமா விடறதுக்கு போட்டிருக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, கிராமத்துல இருக்கறவங்களைக் கேட்டா நானும் ஆமான்னுதான் சொல்லுவேன், ஆனா ஊருக்குள்ள இருக்கற டிபென்டென்ட் பொண்ணுங்களைப் பாத்தா அந்த வார்த்தை வாயில வர மாட்டேங்குது.

லீவு நாள்ல சுத்தறதுக்கு இது தங்கம். க்ளெர்வோவுக்கு ரயில்லயே நேரா போகலாம், கோட்டைக்குள்ள போட்டோகிராஃபர் எட்வர்ட் ஸ்டைகென் தொகுத்த போட்டோ கண்காட்சி இருக்கு. எக்டர்னாக்குக்கு லக்ஸம்பர்க் சிட்டிலேர்ந்து நேர் பஸ். வியாண்டன் கோட்டைக்கு ரயில்ல எட்டல்ப்ருக் போய் அங்கேர்ந்து பஸ் புடிக்கணும், கோட்டைக்குள்ள நுழையத்தான் காசு, போயிட்டு வர ஒரு பைசா இல்ல. புளிசாதம் கட்டிக்கிட்டு நாலு குடும்பமா கிளம்பினா நாள் முழுக்க சுத்தினாலும் செலவு காபிக்கு மட்டும்தான்.

வீடு தேடறவங்களுக்கு ஒண்ணு. விளம்பரத்துல "பஸ் ஸ்டாப் எதிர்லயே"ன்னு போட்டிருப்பாங்க, அதை நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. பஸ், ரயில் வழி காட்டற மொபிலிடெய்ட் (mobiliteit.lu) ஆப்ல அந்த அட்ரஸைப் போட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு தேடிப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல காட்டினா, கார் வாங்கற காசையும் வாடகையோட சேத்து கணக்கு போடுங்க.