பெயர்ச்சீட்டை நம்பி வாங்கிய கமேலியா: ஒட்டுச்செடி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

நான்கு ஆண்டுகளுக்கு முன், இணையவழியில் செடி விற்கும் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து ‘ஆல்பா பிளீனா’ என்ற பெயர்ச்சீட்டுடன், தேயிலையின் உறவான கமேலியா என்ற பூச்செடியின் ஒட்டுச்செடி ஒன்றை வாங்கினேன். அது 1792-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட, ஜப்பானிகா என்ற கமேலியா இனத்தின் பழைய வகை. தூய வெள்ளை இதழ்கள் ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாக அமைந்து, மகரந்தத்தாள்களே வெளியில் தெரியாத முழு அடுக்குப் பூ அதன் அடையாளம். சென்ற இலையுதிர் காலத்தில் என் செடி முதன்முறையாகப் பூத்தபோது விரிந்தவையோ, வெளிர் இளஞ்சிவப்பில் ஒற்றை வரிசை இதழ்களும் நடுவில் மஞ்சள் மகரந்தக் கற்றையும் கொண்ட சிறு பூக்கள். அவை தொட்டாலே இதழ் இதழாக உதிர்ந்தன.

படங்களுடன் பண்ணைக்கு எழுதினேன். மண்ணின் அமிலத்தன்மையால் பூவின் நிறம் மாறியிருக்கும் என்று பதில் வந்தது. இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது, ஏனெனில் அது உண்மையன்று என்பது செடி விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மண்ணுக்கேற்ப நிறம் மாறுவது ஹைட்ரேஞ்சியா என்ற வேறொரு பூச்செடியில் நிகழ்வது. கமேலியாவில் அவ்வாறு நிகழ்வதில்லை. கமேலியாவின் ஏதேனும் ஒரு கிளையில் தானாகவே மாற்றம் தோன்றி வேறு நிறத்தில் பூப்பது உண்டு என்றாலும், செடி முழுவதும் அடுக்குப் பூவை விட்டுவிட்டு ஒற்றைப் பூவுக்கு மாறி, இலையும் சிறுத்துப்போவதை அதைக் கொண்டு விளக்க முடியாது.

அதன்பின் தண்டின் அடியிலிருந்த மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தேன். கமேலியாவின் வேர்கள் மேலோட்டமாகப் பரவுபவை என்பதால், வேர்க்கட்டியின் மேற்பரப்பு தரைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படியே நட்டிருந்தேன். ஆகவே ஒட்டுப் பகுதியை நான் புதைத்திருக்க வழியில்லை. பண்ணையில் தொட்டியை நிரப்பியபோதே அதன்மேல் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கலவையைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அந்தக் கலவைக்குள் உலர்ந்துபோன ஒட்டுக்கிளையின் கட்டை மட்டும் எஞ்சியிருந்தது. உயிரோடிருந்த தண்டுகள் அனைத்தும் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பியவை. வேரழுகலை ஓரளவு தாங்கும் என்பதால், சசன்குவா என்ற மற்றொரு கமேலியா இனத்தை வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கிளையைத் தாங்கும் அடிச்செடியாகப் பயன்படுத்துவது வழக்கம். ஒட்டுக்கிளை செத்தபின் அந்த வேர்ச்செடியின் தளிர்களையே வளர்த்து, வெள்ளைப் பூவின் பெயர்ச்சீட்டைக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இதை வாங்கும் நாளிலேயே கண்டுபிடித்திருக்க முடியும். ஜப்பானிகாவின் இலை பெரியது, தடித்தது, பளபளப்பானது. அதன் இளந்தண்டு மழமழப்பாக இருக்கும். சசன்குவாவின் இலை சிறியது. இளந்தண்டில் மெல்லிய மயிர் இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காணலாம். பூக்கும் காலத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் ஆல்பா பிளீனாவும் ஜப்பானிகாக்களில் முன்கூட்டியே பூக்கும் வகைதான். மொட்டுக் கட்டியபோது எனக்கு ஐயம் எழாததற்கு அதுவே காரணம். ஒட்டுச்செடி கைக்கு வந்ததும் தொட்டியின் மேல்மண்ணை விலக்கி ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது எதுவாயினும் உடனே கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல ஒட்டையும் அது அமுக்கிவிடும். முடிந்தவரை பூவுடன் நிற்கும் செடியையோ, தண்டுத்துண்டிலிருந்து தன் வேரிலேயே வளர்ந்த செடியையோ வாங்குவது நல்லது. அப்படிப்பட்ட செடியில் அடியிலிருந்து துளிர்த்தாலும் அதே பூதான் பூக்கும்.

இதே பண்ணை ‘நீலக் கமேலியா’ விதைகளையும் விற்பதைப் பின்னர் பார்த்தேன். வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்களில் கமேலியா உண்டு, நீலத்தில் இல்லை. மேலும், பெயர் பெற்ற எந்த வகையும் விதையிலிருந்து அதே பூவோடு வருவதில்லை. விதைக்கன்று பூக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஏமாந்தவர் அதை அறிவதற்குள் முறையிடும் காலம் கடந்துவிடும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்த நாற்றுப்பண்ணைக்காரர், இறுதியில் வேறொரு செடி அனுப்புவதாகக் கூறினார். அந்தச் செடியின் பூவும் ஒட்டுத் தழும்பும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பினால் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஐந்து வாரங்கள் ஆகியும் படம் வரவில்லை.