கிளீட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும்...

கேம் கிளீட் (பாய்க் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த பிடி) விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிப் போடலாமா என்று பாய்மரப் படகு வைத்திருக்கும் நண்பர் கேட்டார். போனில் பேசினால் எனக்குக் கோபம் வரும் என்பதால் எழுதிவிடுகிறேன். நான் சேலத்தில், படகு சென்னைத் துறைமுகத்தில். கைபடாமல் உப்புக்காற்றில் கிடக்கும் சாமானைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். பழைய கிளீட்டின் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்து, காற்று ஏறினாலே மெயின்ஷீட், அதாவது பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, வழுக்கி ஓடும். இப்போது இருப்பது பால் பேரிங் வைத்த அலுமினியம். கயிற்றை இழுத்துக் கீழே அழுத்தினால் 'டக்'கென்று கவ்வும், மேலே ஒரு சுண்டு சுண்டினால் விட்டுவிடும். ஒரு கை டில்லரில் (சுக்கான் பிடியில்) இருக்கும்போது இந்தச் சுகம் தனி. உப்பு பூத்து இறுகிப்போனாலும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் ஸ்பிரிங் மறுபடி துள்ளும்.

என் வயிற்றெரிச்சல், கிளீட்டை டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், பொருத்தும் போல்ட். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கா பஞ்சம்? கடையில் 316 கிரேடு என்று தெளிவாகக் கேட்டேன். காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 316-ங்க" என்றார். மலிவான 304 கிரேடிலும்தான் காந்தம் ஒட்டாது! 316-இல் கூடுதலாக 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் இருக்கும், கடலுப்பைத் தாங்குவது அதனால்தான். ஒரு மழைக்காலம் போனதும் வெள்ளை டெக்கில் டீ சிந்தியது போலப் பழுப்புக் கோடு. கழற்றினால் தலை பளபளவென்று இருக்கிறது, டெக்குக்குள் இருந்த தண்டு முழுக்க ஊசிப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காக்கும் மேல்படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈரம் தேங்கிய துளைக்குள் அது ஏது? பட்டறையில் மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு விட்டுப் பார்த்தோம். நிறமே மாறவில்லை, அதாவது மாலிப்டினமே இல்லை.

போல்ட் போனால் போகட்டும். டெக்கின் நடுவில் இருப்பது பால்சா கட்டை, தண்ணீர் இறங்கினால் உளுத்துவிடும். துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸி பசை நிரப்பி, காய்ந்தபின் மறுபடி டிரில் போட்டு, அடியில் பட்டறையில் வெட்டிய பேக்கிங் பிளேட் (தாங்கு தகடு), மேலே கசிவை அடைக்கும் பியூட்டைல் டேப். நட்டை மட்டும்தான் திருக வேண்டும், போல்ட் சுழன்றால் டேப் அறுந்து மறுபடி கசியும். மேலே நான் ஸ்க்ரூடிரைவரோடு தலையைப் பிடித்திருக்க, கேபினுக்குள் மல்லாந்து கிடந்த மச்சினன், "மாமா, ஆட்டாதீங்க, வேர்வை கண்ணுல வுழுது" என்று கத்திக்கொண்டே முடித்தான். இப்போது சொட்டு ஈரம் இல்லை.

ஆகவே நண்பரே, கிளீட் அருமை. வாங்காதீர்கள். விலை குறைந்தது அதற்கு மட்டும்தான். எபாக்ஸிக்கும் மச்சினனுக்கும் குறையவில்லை. அப்படியும் வாங்குவதென்றால் போல்ட்டுக்குக் கடை ஏறாதீர்கள். இரண்டாம் முறை சோதித்து வாங்கியதில் நாலு மிச்சம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.