கீழக்கரைப் பரோட்டாக் கடையும் ஒரு ஹார்லிக்ஸ் புட்டியும்

கீழக்கரையில் கடற்கரையை நோக்கிப் போகும் தெரு ஒன்றில், மாலை 5 மணிக்குக் கல்லைச் சூடேற்றி இரவு 11 மணிக்கு அடுப்பை அணைக்கும் ஒரு பரோட்டாக் கடையில் 3 ஆண்டுகளாகப் பார்சல் வாங்கிவருகிறேன். இதற்கென்றே திருப்புல்லாணியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதை வீட்டில் கேலி செய்வார்கள். பொட்டலம் பிரிந்த பிறகு அந்தக் கேலி நீடிப்பதில்லை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே இப்போதே நிற்க இடமில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரோட்டா வீடு வந்து சேர்ந்த பிறகும் அடுக்கடுக்காகப் பிரிகிறது. சால்னாவில் சோம்பின் மணம் தூக்கலாகவும் எண்ணெய் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். நெய்ச்சோறு வியாழன், வெள்ளி இரு நாள்களில் மட்டும் கிடைக்கும். 8 மணிக்குள் தீர்ந்துவிடும். சீலா மீன் வறுவல் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் விலையைப் பலகையில் எழுதாமல் வாயால் சொல்கிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

நான் எழுத வந்தது பார்சல் மேசையையும் அங்கே கட்டிக் கொடுப்பவருக்கு டிப்ஸ் கொடுப்பதையும் பற்றி. அங்கே நிற்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரே அவரைக் 'காக்கா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறது. வாழை இலையைத் தணலில் வாட்டி, நரம்பு ஒடியாமல் மடித்து, மேலே தாள் சுற்றி நூலால் அவர் கட்டும் கட்டு, வண்டியின் முன்கொக்கியில் தொங்கித் திருப்புல்லாணி வரை குலுங்கினாலும் அவிழ்ந்ததில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறது. பல கடைகள் அதை மறந்துவிட்டன, இந்தக் கடை மறக்கவில்லை. சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் பார்சல் கட்டணம் கிடையாது; கொண்டுபோகாதவர்களுக்கு மூடியுள்ள அலுமினிய டப்பாவில் ஊற்றி, டப்பாவுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். அந்த 10 ரூபாயைக் கொடுத்துவிட்டு, வேலை செய்பவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது டப்பாவின் விலை. கட்டியவரின் கைக்கு அதிலிருந்து ஒன்றும் போவதில்லை.

உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு இந்தக் குழப்பமே வராது. பில்லும் மீதியும் சோம்புத் தட்டில் வரும், சப்ளையர் நகர்ந்துகொள்வார், மனத்தில் பட்டதைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்துவிடலாம். பார்சல் வாங்குபவருக்குத் தட்டும் இல்லை, தனக்கெனப் பரிமாறியவர் என்று ஒருவரும் இல்லை. காசை வாங்குபவர் கல்லாவில் இருக்கிறார், கட்டிக் கொடுப்பவர் வேறொருவர், கல்லில் வெந்துகொண்டிருக்கும் மாஸ்டரும் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவும் கண்ணிலேயே படுவதில்லை. இந்தக் கடையில் பார்சல் மேசையின் ஓரத்தில் பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்று எழுத்தும் அறிவிப்பும் இல்லாமல் நிற்கிறது. முதல் ஆண்டு முழுவதும் அதை நூல்கண்டு வைக்கும் புட்டி என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் முதலாளியிடமே கேட்டேன். "மேசைக்குப் போறவனுக்குக் கெடைச்சிரும் தம்பி, அடுப்படியில நிக்கிறவனுக்கு யாரு குடுக்கிறா?" என்றார். வியாழன் இரவு கடை அடைக்கும்போது காக்கா புட்டியைக் கவிழ்ப்பார். மாஸ்டர், பாத்திரம் துலக்கும் அம்மா, அவர் என மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். முதலாளியின் கை அதில் படாது. மேசையில் கிடைப்பது சப்ளையர்களுக்கே என்பதால் அவர்களுக்கு இதில் பங்கு இல்லை. வரவேற்பறைப் பூச்சாடி போலப் புட்டியை முன்னால் நிறுத்தி "உங்கள் அன்பு எங்கள் புன்னகை" என்று எழுதி ஒட்டும் நகரத்துக் கடைகளைவிட, கேட்டால் மட்டும் விவரம் சொல்லும் இந்த ஏற்பாடு எனக்கு மரியாதையாகப் படுகிறது.

கைப்பேசியில் பணம் செலுத்துவது வந்த பிறகு இந்தப் புட்டி பாதியாகிவிட்டது என்று காக்கா சொன்னார். காரணம் எளிது. 185 ரூபாய்க்கு 200 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி 15 கைக்கு வரும்; அதில் ஐந்தோ பத்தோ புட்டிக்குள் விழும். இப்போது 185 என்று துல்லியமாக அழுத்திவிட்டு வந்துவிடுகிறோம். தாராளமாக 200 என்று அழுத்தினாலும் அது முதலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கல்லாவில் இருக்கும் பெட்டி "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்க, கூடுதலாக வந்த 15 ரூபாய் யாருக்கு என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்குக் கவலை இல்லை. இந்தக் கடையில் அப்படி வரும் தொகையை ஒரு நோட்டில் குறித்து வியாழனன்று ரொக்கமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். நோட்டைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நெரிசலில் எல்லாம் ஏறும் என்று நம்ப முடியவில்லை. நான் வேண்டுமென்றே கூட்டி அனுப்பிய 20 ரூபாய் ஒருமுறை ஏறவில்லை. அன்று முதல் பில்லுக்குக் கைப்பேசி, புட்டிக்குத் தாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் என் அக்காள் மகளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவள் டல்லாஸில் இருக்கிறாள். அங்கே ஒரு காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு போவதற்கும் திரையைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 சதவீதம் என்று கேட்கிறார்களாம். விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கடையிலும் அதே கணக்கைப் போட ஆரம்பித்தாள். அமெரிக்காவில் சதவீதம் வந்ததற்கு அந்த நாட்டுக் காரணம் உண்டு. கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி ஒரு மணி நேரத்துக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால்தான் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும். 1991ஆம் ஆண்டிலிருந்து அந்த 2.13 மாறவே இல்லை, டெக்சாஸிலும் அதே தொகைதான். ஆகவே அங்கே மேசையில் வைக்கும் டிப்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதி. நம் நாட்டில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. கீழக்கரைக் காக்காவுக்கு நாள் சம்பளமும் இரண்டு வேளைச் சோறும் உண்டு. புட்டியில் விழுவது அதற்கு மேல்.

சதவீதம் இங்கே ஏன் பொருந்தாது என்பதை மீன்பிடித் தடைக்காலத்தில் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவதை வைத்துத்தான் கடைகள் ஓட வேண்டும், சீலாவின் விலை ஏறிவிடும். அப்போது என் பில் கூடுகிறது என்பதற்காகக் காக்கா கூடுதலாக ஒரு முடிச்சுப் போடுவதில்லை. மாறாக, ஏர்வாடி தர்காவுக்கு வேனில் வருபவர்கள் 30 பேருக்குப் பரோட்டா கட்டச் சொல்லும்போது பில் பெரிதாக இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் நூல் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே நான் விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பொட்டலத்தை எண்ணுகிறேன். ஓரிரு பொட்டலம் என்றால் 10 ரூபாய், ஐந்தாறு என்றால் 20. வீட்டு விசேஷத்துக்கு 25 நெய்ச்சோறு வாங்கியபோது 100 ரூபாய் போட்டேன். தூக்குவாளியில் சால்னா மட்டும் வாங்கும் நாளில் ஒன்றும் போடுவதில்லை. காக்கா முகம் சுளித்ததும் இல்லை, போட்ட நாளில் கரண்டி ஆழமாக இறங்கியதும் இல்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் 500 ரூபாய்த் தாளைப் புட்டியில் திணிப்பதையும் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் ஊரைப் பார்த்த மகிழ்ச்சி, நாம் அதை அளவாகக் கொள்ள வேண்டியதில்லை.

கேட்டு வாங்கினால் மட்டும் எனக்குக் கசக்கும். இந்தக் கடற்கரைச் சாலையிலேயே வேறோர் ஊரில், குளிர்சாதன உணவகம் ஒன்றில், பார்சல் பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு மேலே 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை இருந்தது. உட்காரக்கூட இல்லையே, எந்தச் சேவைக்கு என்று கேட்டால் கணினி தானாகப் போடுகிறது என்றார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொன்னதும் அந்தத் தொகை நீங்கிவிட்டது. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த பையனுக்குத் தனியாக 10 ரூபாய் கொடுத்தபோது, அவன் கல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

கீழக்கரைக் கடைக்குத் திரும்புகிறேன். வெள்ளிக்கிழமை 40 நிமிடம் காத்திருக்க நேரும், வரிசை என்ற ஒன்று கிடையாது, தெரிந்த முகத்துக்கு முதலில் கட்டிக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. இவற்றுக்காக ஒரு மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நான்கு தருகிறேன். புதிதாகப் போகிறவர்கள் தூக்குவாளியோடு சில பத்து ரூபாய்த் தாள்களையும் எடுத்துச் செல்வது நல்லது; 9 மணிக்கு மேல் அந்தக் கல்லாவில் சில்லறை கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.