லேப்டாப் சூடாகிறது என்று சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கிருஷ்ணகிரியில் ஒரு கடை. "ஃபுல் சர்வீஸ், பேஸ்ட் மாத்தியாச்சு" (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள். பத்தே நாளில் பழைய கதை: வீடியோ கால் போட்டால் கால் மணி நேரத்தில் லேப்டாப் தானாக அணைந்துவிடும். திரும்பக் கொண்டுபோனால், "மதர்போர்டு போச்சு, 9,000 ஆகும்" என்றார்கள். பில்லும் தரவில்லை.

போர்டில் ஒரு குறையும் இல்லை. அடிமூடியைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஃபேன் இறக்கை பளபளவென்று இருந்தது, வெளியிலிருந்து புளோயர் அடித்திருக்கிறார்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் மட்டும் கம்பளித் துண்டு மாதிரி அழுக்கு அடைத்துக் கிடந்தது. ஃபேன் கவரைக் கழற்றாமல் அது வரவே வராது. கிரானைட் பட்டறைகள் உள்ள பகுதியில் அந்த நைசான தூள் பஞ்சோடு சேர்ந்து இறுகிவிடும். புளோயர் அடிப்பதானாலும் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

அதைவிடப் பெரிய அநியாயம் தெர்மல் பேடில், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையில். கிராஃபிக்ஸ் மெமரி சிப்புகள் மேல் இருந்த 1 மி.மீ. பேடைப் பிய்த்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். பேஸ்ட் என்பது ஒட்டி உட்காரும் இரண்டு பரப்புக்கு நடுவே மயிரிழை இடைவெளியை நிரப்பத்தான். 1 மி.மீ. பள்ளத்தை அது தாண்டாது, மெமரி வெந்து திரையில் கோடு விழும். தடிமனான பேடு போட்டாலும் தப்புதான்: 1 இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் (சூட்டை வெளியே இழுக்கும் உலோகப் பாகம்) தூக்கிக்கொண்டு பிராசசரில் படாது. கழற்றும்போதே பழைய பேடின் தடிமனை அளந்து வைக்க வேண்டும்.

பிராசசரில் காய்ந்த பேஸ்ட் மேலேயே புதுசு பூசியிருந்தது. முறை இதுதான்: சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றணும். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருந்தால் 4, 3, 2, 1 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பேஸ்ட்டை முழுசாகத் துடைத்து, சிப் பரப்பு முழுக்க மெல்லிசாகப் புதுசு தடவணும். மாட்டும்போது 1, 2, 3, 4 என்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி முடுக்கணும். ஒரே பக்கம் இறுக்கினால் மூடியில்லாத சிப்பின் ஓரம் சிதறும், அப்போது நிஜமாகவே போர்டு போய்விடும். பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடுகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். அலுமினியத்தை அரித்துவிடும், வழிந்தால் ஷார்ட்.

இவ்வளவும் செய்த பிறகு அதே போர்டு முழு லோடில் 82 டிகிரியைத் தாண்டவில்லை. பேஸ்ட், பேடு செலவு 400 ரூபாய்க்குள்.

கொடுக்கும் முன்னும் வாங்கும்போதும் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளை ஓடவிட்டு, கடையிலேயே கால் மணி நேரம் லோடு கொடுத்துப் பாருங்கள். பல இன்டெல் சிப்புகளுக்கு 100 டிகிரிதான் எல்லை. ஒரே நிமிடத்தில் அதைத் தொட்டால் ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். அந்த அளவைக் காட்டாமல் போர்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செய்த வேலையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.