ப்ளூடூத் பிபி மெஷின்: போனை விட கஃப் முக்கியம்

வேலூர் ஐடா ஸ்கடர் சாலை மருந்துக்கடைகளில் பிபி மெஷின் கேட்டால், "போன்ல கனெக்ட் ஆகுறதா, சாதாவா?" என்று கேட்கிறார்கள். போனில் இணைவது நல்ல பொருள்தான், வாங்கலாம். ஆனால் கஃப், அதாவது கையில் சுற்றிக் கட்டும் பட்டையின் அளவைப் பார்க்காமல் வாங்கினால் தப்பான ரீடிங்தான் ஒழுங்காகப் போனில் சேரும்.

பல மாடல்களோடு வரும் கஃப் 22–32 செ.மீ. கைக்கானது. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், புஜத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 32ஐத் தாண்டினால் 22–42 செ.மீ. கஃப் உள்ளதைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 20 வரை கூடுதலாகக் காட்டியது. தேவையில்லாத மாத்திரையை ஆரம்பிக்க அந்த 20 போதும். மாடல் பெயர், துல்லியம் சோதிக்கப்பட்ட மெஷின்களைத் தொகுக்கும் 'ஸ்ட்ரைட் பிபி' இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கஃப் கட்டுவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. சுருட்டிய துணியே கையை இறுக்கிவிடும். தளர்வான நைட்டி நல்லது. கட்டில் ஓரத்தில் உட்காராமல், முதுகு சாயும் நாற்காலியில், பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கஃப் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி மேசையில் தலையணை வைத்துக் கையை அதன்மேல் வையுங்கள். காபி, பீடி எதுவானாலும் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இனி போன். செட்டிங்ஸில் போய் ப்ளூடூத்தை இணைக்காதீர்கள். மெஷினுக்கான ஆப்புக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். மெஷின் கண்ணில் படவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் லொகேஷன் அணைந்திருக்கும். 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கொடுத்திருக்க மாட்டீர்கள். பேட்டரி மாற்றினால் பல மெஷின்களில் தேதி, நேரம் அழிந்துவிடும். அப்படியே அளந்தால் இன்றைய ரீடிங் வேறு தேதியில் போய் உட்காரும். முதலில் ஆப்போடு இணைத்து நேரத்தைச் சரிசெய்யும் சிங்க், பிறகு அளவு. கணவன், மனைவி இருவரும் ஒரே மெஷினில் அளந்தால் 1, 2 என்று ஆள் மாற்றும் பொத்தானை மறக்கக்கூடாது. இரண்டு பேர் ரீடிங்கும் கலந்துவிட்டால் ஆப் காட்டும் வரைபடம் டாக்டருக்கு உதவாது.

ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் இல்லையே என்று தயங்க வேண்டாம். மெஷினிலிருந்து போனுக்கு ரீடிங் வர நெட் தேவையில்லை. ஆப் பதிவுக்கும் முதல் லாகினுக்கும்தான் வேண்டும். அதை ஒடுகத்தூரிலேயே முடித்துக்கொண்டு மலை ஏறலாம்.

டாக்டரிடம் போகும் முன் 7 நாள் அளந்தால் போதும்: காலையில் மாத்திரைக்கு முன் 2, மாலையில் 2, இடையே ஒரு நிமிடம். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85 தான் எல்லை, ஆஸ்பத்திரியின் 140/90 அல்ல. நல்ல ஆப் இதைப் பிடிஎஃப் ஆகத் தரும். இந்த வசதி இல்லாத ஆப்புக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்களும் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இதைக் காட்டலாம். கேமராவில் விரல் வைத்தால் பிபி சொல்லும் ஆப்களை மட்டும் நம்பவே கூடாது.

வரைபடம் உண்மையில் கைகொடுப்பது வேலூரின் மே மாத வெயிலில்தான். உடம்பில் நீர் வற்றி, சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ரீடிங் நாளுக்கு நாள் இறங்குவது அதில் கோடாகத் தெரியும். எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒருமுறை அளந்து, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றே டாக்டருக்கு அனுப்புங்கள். 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி இருந்தால் ஆப்பைத் திறக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.